ஒத்தை ரூபாய்க் காசு: கல்லாவிலிருந்து ஒரு மதிப்புரை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையை அடைத்ததும், கல்லாவில் கிடந்த ஒரு ரூபாய்க் காசுகளை மூன்று குவியலாகப் பிரித்து, சீனி நிறுக்கும் தராசில் போட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் படம் போட்ட பழைய காசு 100 வைத்தால் 485 கிராம். ரூபாய்க் குறியோடு 2011-ல் வந்த வரிசையில் 100 வைத்தால் 380. 2019-ல் வந்ததில் 100 வைத்தால் 310. மூன்று தட்டிலும் இருப்பது அதே 100 ரூபாய்தான். கண்ணை மூடிக்கொண்டு கையில் ஏந்தினாலே வித்தியாசம் தெரிகிறது.

இப்படி நிறுத்துப் பார்க்கத் தூண்டியது எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன். அமெரிக்காவில் 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச்சாலையில் கடைசி ஒரு சென்ட் காசை அடித்து முடித்துவிட்டார்கள் என்ற செய்தியைப் போனில் காட்டிவிட்டு, "நம்ம ஊர்லயும் இந்த ஒத்த ரூவாயை நிறுத்திரலாம்ல அண்ணாச்சி? யாரு இப்பம் அதை வாங்குறா?" என்று கேட்டான். நான் வாங்குகிறேன், நான் கொடுக்கிறேன். கோவில்பட்டியில் அப்பா 1971-ல் வைத்த இந்த மளிகைக் கடையில் 1990-லிருந்து உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் கையில் அதிகமாகப் புழங்கிய பொருள் ஒரு ரூபாய்க் காசு. பையனுக்கு அன்றைக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன், அது எனக்கே போதவில்லை. அதனால் ஒரு மிக்ஸியையோ தராசையோ எப்படி மதிப்பிடுவோமோ அப்படியே இந்தக் காசை மதிப்பிட்டு எழுதுகிறேன்.

சட்டப்படி பார்த்தால் நம் நாட்டின் ஆகச் சிறிய காசு எட்டணா, அதாவது 50 காசு. அதற்கு அப்புறம் வருகிறேன். நடப்பில் ஆகச் சிறியது ஒரு ரூபாய்தான்.

முதலில் செய்நேர்த்தி. நான் கடைக்கு வந்தபோது ஓடியது செம்பும் நிக்கலும் கலந்த 6 கிராம் காசு. 1992-ல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறினார்கள், 25 மில்லிமீட்டர் அகலம். அந்த 1992-ம் வருஷக் காசு இன்றும் கல்லாவுக்கு வருகிறது. கதிர் தேய்ந்திருக்கும், எழுத்து மழுங்கியிருக்கும், ஆனால் காசு முழுசாக இருக்கும். கருவாட்டுக் கை, எண்ணெய்க் கை, உப்பு மூட்டை ஓரம், மழைத்தண்ணீர் எல்லாம் பட்டு 30 வருஷத்துக்கு மேல் ஓடிய பொருள் இது. என் கடையில் இந்த வயசுக்கு இப்படி உழைத்த வேறு எதையும் காட்ட முடியாது. தராசையே மூன்று தடவை மாற்றிவிட்டேன்.

இந்த எஃகு காந்தத்தில் ஒட்டும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். மேஜைப் பலகை இடுக்கில் விழுந்த காசை அப்படித்தான் எடுப்பேன். 2019 காசு வந்த பிறகு அந்தக் காந்தத்துக்கு வேலை கூடிவிட்டது. இந்தக் காசு 20 மில்லிமீட்டர்தான், இலேசு வேறு. பழைய காசு நிற்கிற இடுக்கில் இது உள்ளே போய்விடும்.

ராத்திரி எண்ணும்போது வருஷத்துக்குக் கீழே இருக்கிற குறியைப் பார்ப்பது ஒரு பழக்கம். நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வைரம் போல இருந்தால் மும்பை, புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. எங்கெங்கோ அடித்த காசு எப்படியோ எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறதே என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கும். சில காசு முதுகில் பசையும் காகிதத் துணுக்கும் ஒட்டிக்கொண்டு வரும். அது மொய்க் கவரிலிருந்து பிய்த்த காசு. அப்படி நாலைந்து சேர்ந்தாற்போல் வந்தால் ஊரில் முகூர்த்தம் முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி குறை. இந்தப் பொருளின் பெரிய கோளாறு அதன் அளவு. அது நிலையாக ஒன்று இருந்ததில்லை. 2007-ல் கட்டைவிரல் காசு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். ஒரு விரல் என்றால் ஒரு ரூபாய், இரண்டு விரல் என்றால் இரண்டு ரூபாய், மூடிய கை என்றால் எட்டணா. படிக்காதவர்களுக்கும் ஒரே பார்வையில் புரிந்தது. அகலமும் பழையபடி 25 மில்லிமீட்டர். அப்புறம் 2011-ல் ஒரு ரூபாயை 22 மில்லிமீட்டருக்குச் சுருக்கிவிட்டு, பழைய ஒரு ரூபாயின் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராமில் இரண்டு ரூபாயை அடித்தார்கள். அதாவது நேற்று வரை எது ஒரு ரூபாயோ அதே உருவம் இன்றைக்கு இரண்டு ரூபாய். பழையதைத் திரும்ப வாங்கவும் இல்லை, இரண்டும் ஒரே கல்லாவில் கிடக்கின்றன. அந்த வருஷம் நானே எத்தனை பேருக்கு மாற்றிக் கொடுத்தேனோ. 2019-ல் மறுபடி மாற்றம்: ஒரு ரூபாய் 20, இரண்டு ரூபாய் 23. இப்போது புது இரண்டு ரூபாய்க்கும் 2011-ன் ஒரு ரூபாய்க்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஈரக் கையோடு, சாயங்கால நெரிசலில், ஒரு மில்லிமீட்டரை யார் பார்ப்பார்கள்?

2019 வரிசையைப் பார்வையில்லாதவர்களை மனதில் வைத்து அமைத்ததாகச் சொல்லித்தான் வெளியிட்டார்கள். நல்ல நோக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வரிசையை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் மதிப்பு கூடக் கூட அளவும் கூடுகிறது, 20 ரூபாய் பன்னிரண்டு பக்கத்தோடு தனியாக நிற்கிறது. ஆனால் யார் கையிலும் அந்த வரிசை மட்டும் தனியாக வருவதில்லை.

ரயிலில் கடலை மிட்டாய் விற்கிற தம்பி ஒருவர் இருக்கிறார், பார்வை கிடையாது. சாயங்காலம் சில்லறையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துத் தாளாக வாங்கிப் போவார். எனக்குச் சில்லறை, அவருக்குச் சுமை குறைவு. மேஜையில் துணியை விரித்துக் காசைக் கொட்டி அவரேதான் பிரிப்பார். பெருவிரல் நகத்தை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுவார், பிறகு ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் படுக்க வைத்து எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று பார்ப்பார், கடைசியாக உள்ளங்கையில் ஒரு தடவை தூக்கிப் போட்டு எடை பார்ப்பார். 10 ரூபாயும் 20 ரூபாயும் நொடியில் ஒதுங்கிவிடும். 5 ரூபாயில் கொஞ்சம் தயங்குவார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் வரும்போதுதான் முகம் இறுகும். "ஒவ்வொரு காசையும் ரெண்டு தடவை தொட வேண்டியிருக்கு அண்ணாச்சி. வண்டி சாத்தூர்ல நிக்கிற நேரத்துக்குள்ள நான் எப்பிடித் தொட்டுப் பாக்க?" என்று ஒருநாள் கேட்டார். ஒரு ரூபாய் என்று நினைத்து இரண்டு ரூபாயைக் கொடுத்துவிட்டால் ஒரு மிட்டாயில் அவருக்குக் கிடைக்கிற லாபம் போயிற்று. இந்தக் காசை வடிவமைக்கிறவர்கள் யாராவது ஒருத்தர் அவர் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மனதார வேண்டிக் கேட்கிறேன்.

வடிவத்தை அடிக்கடி மாற்றினால் நம்பிக்கை போய்விடும் என்பதற்கு 10 ரூபாய்க் காசே சாட்சி. செல்லாது என்று எவரோ கிளப்பிவிட்ட புரளியில் எத்தனையோ பேர் வாங்க மறுத்தார்கள். 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, விலைக்கு வருவோம். பையனின் முக்கிய வாதம் அதுதான்: "ஒரு ரூவா காசு அடிக்க ஒரு ரூவாய்க்கு மேல ஆகுதாமே?" உண்மை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு 2018-ல் வெளிவந்த கணக்குப்படி ஒரு ரூபாய்க் காசுக்கு ஆன செலவு 1 ரூபாய் 11 காசு. இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்துக்கு 3.69, பத்துக்கு 5.54. வாங்கிய விலைக்குக் கீழே விற்கிற கடை எத்தனை நாள் நடக்கும் என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. ஆனால் காசு என்பது விற்றுத் தீர்க்கிற சரக்கு கிடையாது, அது தராசு மாதிரி ஒரு கருவி. 1992-ல் அடித்த காசு இன்றைக்கும் என் கல்லாவில் வேலை செய்கிறது. அத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் கை மாறியிருக்கும்! அந்த 11 காசை அத்தனை கைகளுக்கும் பங்கு போட்டால் கணக்கில் ஒன்றுமே நிற்காது.

அமெரிக்காவின் கதை வேறு. 2024 நிதியாண்டில் அவர்களுக்கு ஒரு சென்ட் அடிக்க 3.69 சென்ட் ஆகியிருக்கிறது, முகமதிப்பைப் போல மூன்றரை மடங்குக்கு மேல். அதோடு, கடைக்காரர் மீதி கொடுத்த சென்ட் அப்படியே வீட்டு ஜாடிக்குப் போய்விடும், திரும்பக் கடைக்கு வருவது அபூர்வம். தனியாக ஒரு சென்ட்டைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. போனால் வராத காசை வருஷா வருஷம் புதிதாக அடிப்பது வீண்தான், நிறுத்தியது சரிதான். எங்கள் தெருவில் ஒரு ரூபாய் அப்படி இல்லை. காலையில் நான் கொடுத்தது சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் திரும்பி வந்துவிடும். ஒரு தேன்மிட்டாய், ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு துண்டு கற்பூரம், ஒரு ஊசி என்று இன்னும் ஒரு ரூபாயைத் தனியாக நீட்டி வாங்குகிற பொருள் என் கடையில் இருக்கிறது. அம்மா உணவகம் 2013-ல் சென்னையில் தொடங்கியபோது இட்லிக்கு வைத்த விலையும் ஒரு ரூபாய்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று பலரும் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கனடா 2012 மே மாதம் கடைசி ஒரு சென்ட்டை அடித்தது, 2013 பிப்ரவரியில் கொடுப்பதை நிறுத்தியது. ரொக்கமாகக் கொடுத்தால் பக்கத்து 5 சென்ட்டுக்கு முழுமையாக்க வேண்டும், அட்டையில் கொடுத்தால் துல்லியமாக எடுக்கலாம் என்று விதி வைத்தார்கள். அது சரியாக நடந்ததற்குக் காரணம், ஒன்றுக்கு அடுத்த காசே அங்கே ஐந்து. அதற்கு மேலே உள்ளது எல்லாம் ஐந்தில் அடங்கிவிடும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1990-களின் தொடக்கத்தில் ஒரு சென்ட்டையும் இரண்டு சென்ட்டையும் சேர்த்தே எடுத்தார்கள். நம் வரிசை 1, 2, 5, 10, 20. ஒன்றை மட்டும் எடுத்தால் 2-ம் 5-ம் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். ஒரு ரூபாய் வாங்க வேண்டுமென்றால் அவர் 5 கொடுத்து நான் இரண்டு 2 திருப்ப வேண்டும். நானும் ஒருநாள் அப்படி ஓட்டிப் பார்த்தேன், பத்து மணிக்குள் இரண்டு ரூபாய்க் காசு தீர்ந்துபோயிற்று. ஆகவே ஒன்றை நிறுத்துவது என்று முடிவெடுத்தால் இரண்டும் கூடவே போகும், ஐந்து ரூபாய்தான் நாட்டின் சின்னக் காசாகும்.

அங்கேதான் எனக்குப் பயம். சீனி கிலோ 46 என்று வையுங்கள். ஒரு கிலோ வாங்குகிறவர் 46 கொடுத்துப் போவார். கால் கிலோ 11 ரூபாய் 50 காசு. எட்டணா ஓடாததால் கடைகளில் 12 வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்குகிறேன். அதாவது கால் கிலோ கால் கிலோவாக வாங்குகிறவருக்கு ஒரு கிலோ 48 விழுகிறது. இங்கே தீப்பெட்டி ஆபீசில் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சாமான் வாங்குகிற பெண்கள்தான் கால் கிலோக்காரர்கள். மாதச் சம்பளக்காரர் யாரும் கால் கிலோ சீனி வாங்குவதில்லை. எட்டணா ஓடாமல் போனதன் பாரம் ஏற்கெனவே அவர்கள் தலையில்தான் இருக்கிறது. ஐந்து ரூபாய் சின்னக் காசாகிவிட்டால் 10-க்கு ஒரு பொட்டலம், 15-க்கு ஒரு பொட்டலம் என்று கட்டி வைக்க வேண்டியதுதான், எடை எவ்வளவு என்பது கட்டுகிறவன் கையில்.

தீப்பெட்டி விலையையே பாருங்கள், எங்கள் ஊர்ச் சரக்கு. 1995-ல் எட்டணா, 2007-ல் ஒரு ரூபாய், 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய். மூலப்பொருள் விலை ஏறிவிட்டது, 14 வருஷம் தாங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார்கள், எங்கள் தெருவே அந்தத் தொழிலில் பிழைக்கிறது, எனக்கு அதில் மனக்குறை கிடையாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் விலை இரட்டிப்பாகத்தான் ஏற முடிந்தது. இடையில் நிற்பதற்குப் படி இல்லை. ஒன்றையும் இரண்டையும் எடுத்துவிட்டால் அடுத்த படி நேரே ஐந்து.

2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்தபோது இது எல்லோருக்கும் தெரிந்தது. 5 ரூபாய் பிஸ்கட்டுக்கு 4 ரூபாய் 45 காசு, ஒரு ரூபாய் மிட்டாய்க்கு 88 காசு என்று புது விலை வந்தது. வரியைக் குறைத்தது நல்ல காரியம். 55 காசைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் காசு ஏது? பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று ஒரு ரூபாய் கொடுத்துவிட்டு, மிட்டாயை வாங்கிக்கொண்டு மீதிக்குக் கை நீட்டியபடி நின்றது. டீவியில் பார்த்திருக்கிறது போல. நான் இரண்டாவது மிட்டாய் ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். எல்லாருக்கும் அப்படிச் செய்ய என்னால் ஆகாது. கொஞ்ச நாளில் பழைய விலைக்கே எடை கூட்டிய பாக்கெட்டுகள் வர ஆரம்பித்ததும்தான் மூச்சு வந்தது.

மீதிக்கு மிட்டாய் கொடுப்பதை நான் 2012-ல் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், 80 பக்கக் கோடு போட்ட நோட்டு. சில்லறை இல்லாதபோது யாருக்கு ஒரு ரூபாய் தர வேண்டுமோ அவர் பேரை எழுதிக்கொள்வேன். பேர் தெரியாவிட்டால் 'மேலத்தெரு ஆச்சி', 'சைக்கிள் கடை மருமகள்' என்று எழுதுவேன். இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு. பக்கத்தைப் புரட்டினால் ஒன்று தெளிவாகத் தெரியும்: அடித்துக் கழித்த பேர்கள் எல்லாம் கால் கிலோக்காரர்கள். மறுநாளே வந்து "அண்ணாச்சி, நேத்து ஒரு ரூவா நின்னுச்சே" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். அடிக்காமல் நிற்கிற பேர்கள் பைக்கில் வந்து போகிறவர்கள். ஒரு ரூபாய் யாருக்கும் வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்கு அந்த நோட்டைக் காட்ட ஆசை.

மேலத்தெரு ஆச்சி தீப்பெட்டி ஆபீசில் 40 வருஷம் வேலை செய்தவர். 2024 தை மாதம் ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் பேரன் வந்து கதவைத் தட்டினான். ஆச்சி ராத்திரியே தவறிவிட்டாராம், நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு வேண்டும், வீட்டில் தாள்தான் இருக்கிறது என்றான். கட்டைவிரல் காசாகப் பார்த்து ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அவன் பத்து ரூபாய்த் தாளை நீட்டினான், வாங்கவில்லை. நோட்டில் ஆச்சி பேரில் இரண்டு ரூபாய் நின்றது. அதில் ஒன்றைக் கழித்தேன்.

போனில் பணம் அனுப்புவது வந்துவிட்டதே, இனி காசு எதற்கு என்பார்கள். அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என் மேஜையிலும் கியூஆர் கோடு அட்டை இருக்கிறது, வந்த தொகையைச் சத்தம் போட்டுச் சொல்கிற பெட்டியும் இருக்கிறது. வியாபாரத்தில் பாதி இப்போது அதில்தான். 11 ரூபாய் 50 காசைக்கூட அப்படியே அனுப்பலாம், அதில் யாருக்கும் நஷ்டம் கிடையாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆனதிலும் சில்லறைத் தேவை ஒரு பங்கு குறைந்தது. ஆக, முன்னைப் போல அத்தனை காசு அடிக்க வேண்டியதில்லை என்றால் ஒத்துக்கொள்கிறேன். குறைவாக அடிப்பது வேறு, அடியோடு நிறுத்துவது வேறு. பட்டன் போன் வைத்திருக்கிற அக்காவுக்கும், போனே இல்லாத மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்தப் பெட்டி எதுவும் சொல்லாது.

நிறுத்த வேண்டியது எட்டணா. இது என் உறுதியான கருத்து. 2011 நாணயச் சட்டப்படி 10 ரூபாய் வரைக்கும் எட்டணாவாகவே கொடுத்தாலும் வாங்கியாக வேண்டும், ஒரு ரூபாய்க்கும் அதற்கு மேலுள்ள காசுக்கும் 1000 ரூபாய் வரை. சட்டம் அப்படி இருக்க, எந்தக் கடையிலும் எட்டணா நகர்வதில்லை. செல்லும், ஆனால் யாரும் வாங்க மாட்டார்கள் என்ற நிலை இருக்கிறதே, அது கொடுக்கிறவரை அவமானப்படுத்துகிற நிலை. எட்டணாவோடு வந்து திருப்பி அனுப்பப்பட்ட முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலணாவை 2011 ஜூன் 30-லிருந்து செல்லாது என்று அறிவித்து, அதற்கு முதல் நாள் வரை வங்கியில் மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். அதே மாதிரி தேதி சொல்லி, நேரம் கொடுத்து, எட்டணாவை மரியாதையாக எடுத்துவிடலாம். அப்பா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் காண்டாமிருகம் போட்ட நாலணாவாகச் சேர்த்து வைத்திருந்ததை அந்தத் தேதி தாண்டித்தான் பரணில் கண்டெடுத்தேன், 78 ரூபாய். அதனால் நேரம் கொஞ்சம் தாராளமாகவே கொடுக்கட்டும்.

கிடைப்பது எப்படி என்று சொல்லாமல் மதிப்புரை முடியாது. இதற்குத்தான் ஆகக் குறைந்த மதிப்பெண். காசு நாட்டில் இல்லாமல் இல்லை. உண்டியலில் இருக்கிறது, பஸ் டெப்போவில் இருக்கிறது, வங்கிப் பெட்டியில் இருக்கிறது, என் கல்லாவில்தான் இல்லை. ஒரு வங்கிக் கிளையில் சில்லறை கேட்டால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். அதே கிளையில் மொய்ச் சில்லறையைக் கட்டக் கொண்டுபோன என் மைத்துனரிடம் "எண்ண ஆளில்லை" என்றார்கள். இடையில் கமிஷனுக்குச் சில்லறை கொடுக்கிற ஆட்கள் வேறு. 100 ரூபாய்த் தாளுக்கு 90 ரூபாய்ச் சில்லறை தருகிற ஆளிடம் ஒரு தீபாவளி நேரத்தில் நானும் வாங்கினேன். ஒரு ரூபாய்க் காசுக்கு உண்மையில் ஆன நஷ்டம் அதுதான், நாணயச்சாலையின் 11 காசை விட எனக்கு அது பெரிசு.

ஒன்று மற்ற கடைக்காரர்களுக்கு உதவும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகளை எண்ணாமல் எடை போட்டே வாங்கலாம், 100 காசாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தால் இன்னும் வசதி என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. ஆனால் நான் முதலில் சொன்ன தராசுக் கணக்கை நினையுங்கள். மூன்று வரிசையும் கலந்த 100 காசு எந்த எடையிலும் நிற்கும். கலந்து கொண்டுபோனால் எண்ணித்தான் ஆக வேண்டும், எண்ண ஆளில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் இப்போது வரிசை வாரியாகப் பிரித்து, உறையின் மேல் 485, 380, 310 என்று எடையை எழுதிக் கொண்டுபோகிறேன். போன மாதம் வேறொரு கிளையில் அப்படி 12 உறை கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் மூன்று உறையை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு மீதியைத் தராசில் வைத்தார், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. திங்கட்கிழமையும் மாத முதல் வாரமும் வேண்டாம். புதன், வியாழன், காலை பதினொன்றரைக்கு மேல் போனால் கூட்டம் குறைவு.

மதிப்பெண்: கட்டைவிரல் காசுக்கு 5-க்கு நாலரை. 2011 காசுக்கு இரண்டரை, இரண்டு ரூபாயோடு குழப்பியதற்காகவே. 2019 காசுக்கு மூன்று. தேய்மானத்தில் முழு மதிப்பெண், கைக்கு அடங்குவதில் பாதி. கிடைப்பதற்கு ஒன்று. அடுத்த வரிசை வருமானால் இரண்டு ரூபாயின் விளிம்பில் மட்டுமாவது நகத்துக்குத் தட்டுப்படுகிற மாதிரி நாலு வெட்டு வைக்கட்டும், கட்டைவிரலையும் திரும்பக் கொண்டுவரட்டும். பழைய காசை வங்கிக்கு வரும்போதே பிரித்து எடுத்துக்கொள்ளட்டும்.

பையன் நேற்றுச் சாயங்காலம் வந்திருந்தான், கால் கிலோ ரவை. போனில் பணம் அனுப்பினான், பெட்டி சத்தம் போட்டது. அவன் தங்கச்சி கூட வந்திருந்தது. உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து வியர்த்துப்போன ஒரு ரூபாயை மேஜையில் வைத்து, தேன்மிட்டாய் பாட்டிலைக் காட்டியது. 2019 காசு, நட்சத்திரக் குறி.